காகிதத்தில் வந்த கை

அத்தியாயம் 11

நேற்று மாலை கூரியரில் வந்த அந்தக் கையை ஸ்ரீவித்யா இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

கை என்றால் கையின் கோடுதான். வெள்ளைத் தாளில் ஓர் இடது கையை விரித்து வைத்து, விரல்களைச் சுற்றி நீலப் பேனாவால் வரைந்திருந்தது. அதைக் கேட்டு வாங்கியதே அவள்தான். கிடாரில் விரல்கள் ஓடுகிற கழுத்துப் பகுதிக்கு அவள் தொழிலில் நெக் என்று பெயர். வாசிப்பவரின் விரல் நீளம் தெரிந்தால்தான் நெக்கை அந்தக் கைக்கு ஏற்ற மாதிரி செதுக்க முடியும்.

சிட்லபாக்கத்து வீட்டில் காரே இல்லாத கார் ஷெட்தான் அவளுடைய பட்டறை. மேடவாக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு எலெக்ட்ரிக் கிடார் செய்ய உட்கார்ந்தபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆர்டர் வருகிறது.

இந்த ஆர்டர் வந்தது மூன்று மாதத்துக்கு முன்னால். மதியழகன், கோவளம். எந்தப் பாகமும் கடையில் வாங்கியதாக இருக்கக்கூடாது, எல்லாம் உங்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று மெயில் சொன்னது. அவளும் அப்படியே செய்தாள். மகோகனி உடலைத் தானே அறுத்து இழைத்தாள். கம்பிகள் உட்காரும் பித்தளைப் பாலத்தை அரத்தால் ராவினாள். ஒலியைப் பிடிக்கும் பிக்கப்புக்கு, முடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றினாள். நெக் மட்டும்தான் பாக்கி.

தாளைப் பிரித்ததும் அவள் கண் சுண்டுவிரலில்தான் போய் விழுந்தது. மேல் கணுவில் அந்த விரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

அவளுக்குப் பத்து வயது, தம்பி ஷ்யாமுக்கு ஏழு. ஏதோ சண்டையில் அவள் பீரோ கதவை அடித்துச் சாத்தினாள். அவன் இடது சுண்டுவிரல் அதற்கப்புறம் நிமிரவே இல்லை. அந்த வளைந்த விரலோடுதான் அவன் கிடார் கற்றுக்கொண்டான்.

ஷ்யாம்சுந்தரைக் கடல் கொண்டுபோய் நான்கு வருடம் ஆகிறது. காணும் பொங்கலன்று நண்பன் எழிலோடு கோவளம் போனான். இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். இரண்டாம் நாள் எழிலின் உடல் கரை ஒதுங்கியது. ஷ்யாமின் செருப்பும் போனும் மட்டும் மணலில் கிடைத்தன. பல மாதம் காத்திருந்து பார்த்துவிட்டு, அப்பா தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் முடித்தார். மறுநாளே ஷ்யாமின் கிடாரை யாருக்கோ கொடுத்தும் விட்டார். அந்தக் கோபத்தில்தான் ஸ்ரீவித்யா முதன்முதலாக ஒரு மரத்துண்டைக் கையில் எடுத்தாள்.

"வித்யா, காபி."

அம்மா திரிபுரசுந்தரி டம்ளரோடு உள்ளே வந்தாள். ஸ்ரீவித்யா அவசரமாகத் தாளைத் திருப்பிப் போட்டாள். ஸ்டாண்டில் சோதனைக்காக ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருந்த பழைய கிடார் ஒன்று 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது.

"இது ஏன் இப்படி முனகறது?"

"கம்பியில யாராவது கை வெச்சா நின்னுடும்மா."

அம்மா டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கம்பிகளைத் தொட்டாள். இரைச்சல் சட்டென்று அடங்கியது. கையை எடுத்தாள். மறுபடி ஆரம்பித்தது. இரண்டு முறை அப்படிச் செய்து பார்த்தவள், டம்ளரின் கீழே ஈரம் படுகிறதே என்று அந்தத் தாளை இழுத்தாள். தாள் புரண்டது.

ஸ்ரீவித்யா தடுக்கவில்லை. தடுக்க நேரமும் இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் இடது கையை விரித்து, அந்தக் கோட்டின் மேல் வைத்தாள். ஒவ்வொரு விரலாக, சின்னக் குழந்தைக்கு நகம் வெட்டப்போகிறவள் மாதிரி. சுண்டுவிரல் வந்ததும் தன் விரலைச் சற்று மடக்கிக்கொண்டாள்.

"இது எப்போ வந்தது?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தே ஏன் சொல்லலை?"

"அம்மா, விரல் வளைஞ்சவங்க ஊர்ல எத்தனையோ பேர் இருப்பாங்க. எதையாவது நெனச்சுக்காதே."

"நான் எதையும் நெனச்சுக்கலை. என் பிள்ளை கை எனக்குத் தெரியும். அவ்ளோதான்." அம்மாவின் குரலில் அழுகை இல்லை. அதுதான் ஸ்ரீவித்யாவைப் பயமுறுத்தியது.

வாசலில் கேட் சத்தம். "திரிபுரா!" என்று ஜீவரத்தினத்தின் குரல்.

ஜீவரத்தினம், எழிலின் அம்மா. அடுத்த தெரு. மகன்கள் போன பிறகுதான் இரண்டு அம்மாக்களும் நெருங்கினார்கள். நான்கு வருடமாகத் தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் சேர்ந்து நடக்கிறார்கள். மழை பெய்தாலும் குடையோடு நடப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கே போயிடலாமா? ராத்திரி தண்ணி லாரி வருதாம். நான் சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பணும்."

"போலாம் ஜீவா."

அம்மா இதைச் சொன்னபோது அந்தத் தாள் அவள் புடவைத் தலைப்புக்குள் இருந்தது. ஜீவரத்தினம் போனதும் அவள் முகம் வெளிறியதை ஸ்ரீவித்யா பார்த்தாள். தோழியிடம் அம்மா மறைத்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஹாலில் அப்பா சூர்யநாராயணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாம்பரத்தில் ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வார்த்தைகளை அளந்துதான் பேசுவார். அம்மா தாளை அவர் மடியில் வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"ஷ்யாம் கை" என்றாள் அம்மா.

"திரிபுரா, நான் காரியம் பண்ணியாச்சு."

"அதை நான் கேக்கலை. இது யார் கைன்னு கேக்கறேன்."

"யாரோ ஒருத்தன் கை. கிடார் வேணும்னு கேட்டவனுக்குச் செஞ்சு அனுப்பட்டும். இதைத் தோண்டிண்டு யாரும் எங்கேயும் போக வேண்டாம்."

"நான் போறேன்ப்பா" என்றாள் ஸ்ரீவித்யா. "கூரியர்ல அட்ரஸ் இருக்கு. ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

அவர் மடியிலிருந்த தாளை எடுத்துக்கொண்டாள். அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

ஸ்கூட்டியை எடுக்கும்போது அம்மா கேட் வரை வந்தாள்.

"நீயும் வரியாம்மா?"

"வேண்டாம். அங்க அவன் இல்லைன்னா, அந்தக் கடலைப் பார்த்துட்டு நான் திரும்பி வர மாட்டேன். நீ போயிட்டு வா."

---

மேடவாக்கம் சிக்னலில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றாள். லாரியின் குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிச் சாலையில் ஓடியது. ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு அவளுக்கே கேட்டது. பின் சீட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. சின்ன வயசில் ஷ்யாம் பின்னால் உட்கார்ந்து அவள் தோளில் விரல்களால் தாளம் போடுவான். இப்போதும் தோளில் அந்த அழுத்தம் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அது போய்விடும் என்று பட்டது.

ஈ.சி.ஆரில் காற்று உப்பாக அடித்தது. நான்கு வருடமாக அவள் இந்தச் சாலைக்கே வந்ததில்லை.

கோவளத்தில் மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மதியழகன் என்று கேட்டதும் ஓர் அம்மாள் படகு வரிசையைக் கை காட்டினாள். நாற்பது வயது இருக்கும், கறுத்துத் திடமான ஆள். படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தான்.

"மதியழகன் நீங்கதானே? நான் சிட்லபாக்கத்துலேர்ந்து வரேன். கிடார் செய்யறவ."

வலை ஊசி அவன் கையில் அப்படியே நின்றது.

"நீங்க எதுக்கும்மா இம்மாந்தூரம் வந்தீங்க? ரெடியானா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்."

"கிடார் உங்களுக்கா?"

"எனக்கு இன்னாத்துக்கும்மா கிடாரு? பேரு மட்டுந்தான் என்னுது."

அவள் பையிலிருந்து தாளை எடுத்து அவன் முன்னால் பிடித்தாள். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. "அப்போ இது யார் கை?"

மதியழகன் வலையைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான். கடலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பொய் சொல்லிச் சொல்லி ஒரே பேஜாரா பூட்ச்சி. ஒக்காரும்மா."

"நிக்கறேன். சொல்லுங்க."

"உயிரோட கீறான்மா."

காதில் விழுந்தது. ஆனால் அவள் அப்படியே நின்றாள். கால் புதைந்த மணல் சுட்டதுகூட உறைக்கவில்லை.

"தை மாசம் தண்ணி தெக்கால இழுக்கும். அன்னிக்குப் பொழுது சாயற நேரத்துல நானும் மச்சானும் போட்டுல வந்துகினு இருந்தோம். ஒரு மிதவையைப் புடிச்சிகினு கெடந்தான். மச்சான் ஊரு தெக்க கீது, அங்கதான் கரை ஏத்துனோம். மூணு நாளு பேச்சே வரல. நாலாம் நாளு, கூட வந்த புள்ளை பொணமாக் கெடச்சிட்ச்சின்னு யாரோ சொன்னாங்க. அத்தக் கேட்டுட்டு, 'அப்போ நானும் செத்துட்டேன்னே இருக்கட்டும்ணா'ன்னான். அவன்தான் அந்தப் புள்ளையத் தண்ணிக்குள்ள கூப்புட்டானாம். அந்தப் புள்ளைக்கு நீச்சலே தெரியாதாம்."

"நாலு வருஷம்." அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. "நாலு வருஷமா எங்கம்மா..."

"தெரியும்மா. நான் நூறு தபா சொன்னேன், வூட்டாண்ட போடா போடான்னு. ஒரு தபா போனான். ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வந்துட்டான். ரெண்டு அம்மாவும் கையப் புடிச்சிகினு நடந்தாங்களாம். திரும்பி வந்து ரெண்டு நாளு சோறு துன்னல. மச்சான் ஊர்ல போட்டு எஞ்சின் ரிப்பேரு பாக்குறான் இப்போ."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். அவன் இங்கே இருந்தால் அறைந்திருப்பாள். செத்தவன் என்று நினைத்து அவள் எத்தனை நாள் அழுதிருக்கிறாள்! அவன் இங்கே மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டு எஞ்சின் ரிப்பேர் செய்திருக்கிறான். இப்போது அக்காவிடமே கிடார் கேட்கிறான்.

"என்கிட்டயே ஆர்டர் குடுக்க அவனுக்கு எப்படி மனசு வந்தது?"

"அவன் குடுக்கலம்மா. அவனுக்குக் கிடாரு விசயமே தெரியாது." மதியழகன் தயங்கினான். "ஒங்கப்பாதான் செய்யச் சொன்னாரு."

"யாரு?"

"அப்பாம்மா. கண்ணாடி போட்டுகினு, ஒசரமா. இந்தத் தையில எள்ளுந்தண்ணி வுட வந்தாரு. வருசா வருசம் வருவாரே. அந்தப் புள்ளை செத்த நாளுன்னு ஷ்யாமும் இங்க வந்து தனியா ஒக்காந்துகினு இருப்பான், எப்பவும் பொழுது சாஞ்சப்புறம்தான், இந்தத் தபா முன்னாடியே வந்துட்டான். ரெண்டு பேரும் நேருக்கு நேரா பாத்துகினாங்க. ஒங்கப்பா கையில எள்ளு, அவன் முன்னாடி நிக்கிறான். அந்த எள்ளைத் தண்ணியில வுடவும் முடியல, கீழ கொட்டவும் முடியல அவருக்கு. கைய மூடிகினு அப்படியே மணல்ல ஒக்காந்துட்டாரு."

ஸ்ரீவித்யா இப்போது உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு இவன் கால்ல வுழுந்து சத்தியம் வாங்கிட்டான். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை வர்றாரு, இவனும் அன்னிக்கு இங்க வந்துருவான். ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. சும்மா பக்கத்துல ஒக்காந்துகினு இருப்பாங்க. இவன் பாட்டையே வுட்டுட்டான்னு அவருக்கு ஒரே வருத்தம். 'இவன் கிடாரை நான்தான் தூக்கிக் குடுத்தேன், எம் பொண்ணு கையால செஞ்சா தொடுவான்'னாரு. மெயிலெல்லாம் அவரே என் போன்ல அடிப்பாரு."

"இந்தக் கையை யார் வரைஞ்சது?"

"அவருதான். போன தபா இவன் போட்டு நெழல்ல தூங்கிகினு இருந்தான். பேப்பரைக் கைக்குக் கீழ மெதுவா நொழச்சி, முழிச்சிடப் போறான்னு பயந்து பயந்து வரைஞ்சாரு. அரை மணி நேரம் ஆச்சும்மா அவருக்கு."

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பென்ஷன்தாரர் சங்கக் கூட்டம் என்று அப்பா தாம்பரத்துக்குக் கிளம்புவது அவளுக்கு நினைவு வந்தது. காலையில் அந்தத் தாளைப் பார்த்தவர், இது எங்கேயிருந்து வந்தது என்றுகூடக் கேட்கவில்லையே!

வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"அக்கா உனக்குக் கிடார் செஞ்சிருக்கா. நெக்கை மட்டும் காகிதத்தைப் பார்த்து முடிக்க முடியாது. பிடிச்சுப் பார்க்கக் கை வேணும். கை வந்தாத்தான் கிடார். அப்படியே சொல்லுங்க."

"வரலன்னா?"

"வரலைன்னா நான் எஞ்சின் ரிப்பேருக்கு வருவேன்னு சொல்லுங்க."

மதியழகன் முதல் முறையாகச் சிரித்தான்.

---

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை ஆகியிருந்தது. அம்மாவும் ஜீவரத்தினமும் ஏரிக்குப் போயிருந்தார்கள். அப்பா கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். இந்த நான்கு வருடத்தில் அவர் உள்ளே வந்து ஸ்ரீவித்யா பார்த்ததில்லை. நெக் இல்லாத கிடார் உடலை மடியில் வைத்துக்கொண்டு, நெக் வந்து பொருந்த வேண்டிய குழியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"தையிலேர்ந்து எட்டு மாசம்" என்றாள் அவள்.

அவர் தலையசைத்தார்.

"அம்மா எதிர்ல உக்காந்து எப்படிப்பா சாப்பிட்டீங்க?"

"எங்கேம்மா சாப்பிட்டேன்? தட்டுல வெச்சதை முழுங்கினேன்." கிடாரை மேஜையில் வைத்தார். "கூட்டிண்டு வரலாம்னு ஒவ்வொரு தடவையும் போவேன். அவன் ஒண்ணுதான் கேப்பான். 'நான் வந்துட்டா அம்மா நாளைக்கு எழிலம்மாகூட எப்படிப்பா நடப்பா? ஒருத்தி தனியாத்தானே நடக்கணும்?' எனக்குப் பதில் தெரியலை, வித்யா. முப்பத்தாறு வருஷம் எத்தனையோ ரயிலுக்கு லைன் போட்டுக் குடுத்தேன். இதுக்கு ஒரு வழி தெரியலை."

அவள் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கேட் திறந்தது.

அம்மாவும் ஜீவரத்தினமும் வியர்வையோடு நின்றார்கள். அம்மாவின் கண் நேராக மகளின் முகத்துக்கு வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா வித்யா, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள் ஜீவரத்தினம்.

ஸ்ரீவித்யா வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். "நான் சொல்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"ஜீவா, உள்ள வாம்மா. வந்து உக்காரு."

"பரவாயில்லை சார், தண்ணி லாரி வர்ற..."

"ஷ்யாம் உயிரோட இருக்கான்."

தெருவில் ஒரு பைக் போனது. அந்தச் சத்தம் முழுவதும் தேயும் வரை யாரும் அசையவில்லை. அப்புறம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். மிதவை, படகு, எள், சத்தியம். ஷ்யாம்தான் எழிலைத் தண்ணீருக்குள் கூப்பிட்டான் என்பதையும் விடவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் ஜீவரத்தினத்தின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

அம்மா கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் தோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தவறு செய்து பிடிபட்டவள் மாதிரி நின்றாள். மகன் இருக்கிறான் என்ற சந்தோஷம் அவள் முகத்துக்கு வரப் பார்த்து, வரப் பயந்து, உதட்டில் துடித்தது.

ஜீவரத்தினம் திரும்பினாள். கேட்டைத் தாண்டினாள். நான்கைந்து அடி நடந்தாள்.

"ஜீவா" என்று அம்மா கூப்பிட்டது காற்றாகத்தான் வந்தது.

அவள் நின்றாள். அங்கேயே, தெருவுக்கு முகம் காட்டியபடி, வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"கடைசியா எழில்கூட இருந்தது அவன்தானே?"

"ஆமாம்மா" என்றார் அப்பா.

"என் புள்ள கடைசியா என்ன சொன்னான், என்னைக் கூப்பிட்டானா, பயந்தானான்னு நாலு வருஷமா சுவரைப் பார்த்துக் கேட்டுக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்திருக்கான்." அவள் குரல் அங்கே உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். "வரச் சொல்லு, திரிபுரா. ஆனா மொதல்ல எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். எங்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுத்தான் அவன் இங்க வரணும். நீ அதுவரைக்கும் அவனைப் பார்க்கக்கூடாது. உன்னால முடியுமா?"

திரிபுரசுந்தரி கேட் கம்பியை விட்டாள்.

"முடியும்" என்றாள்.

மகன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்ட பிறகு, தோழியின் பெயரைத் தவிர அவள் பேசிய முதல் வார்த்தை அது.